கோடி கோடியா வச்சிருக்கவங்க எதுக்காக இன்னும் ஓடிக்கிட்டே இருக்காங்க?

கேட்ட கேள்வி இதுதான்: பத்து தலைமுறை உக்காந்து சாப்பிட்டாலும் கரையாத சொத்து இருக்கு, அப்புறமும் ஏன் காலைல எந்திரிச்சு ஓடுறாங்க, கடைசியா அவங்களுக்கு என்னதான் வேணும்?

நான் கோயம்புத்தூர்ல ஒரு ஆடிட்டர் ஆபீஸ்ல 22 வருஷமா வேலை பாக்குறேன். பெரிய குடும்பங்களோட கணக்கு, பாகப்பிரிவினை, உயில், டிரஸ்ட் பத்திரம்னு இதுலயே என் காலம் போயிருக்கு. உலகப் பணக்காரங்க அளவுக்கு இல்ல, நூறு கோடி ஐநூறு கோடிக்காரங்கதான், ஆனா அந்த அளவுலயே மனுஷன் எப்படி மாறுறான்னு பக்கத்துல இருந்து பாத்திருக்கேன். அதுக்கு மேல இருக்கவங்களப் பத்தி வருஷக்கணக்கா தேடித் தேடிப் படிச்சிருக்கேன். அத வச்சு சொல்றேன், கொஞ்சம் நீளமாத்தான் போகும்.

முதல்ல ஒண்ணு புரிஞ்சுக்கணும். "இவ்வளவு லட்சம் கோடி சொத்து"ன்னு பேப்பர்ல படிக்கும்போது நம்ம மனசுல வர்றது பேங்க்ல கிடக்கிற பணம். அப்படி இல்லைங்க. பெரும்பாலும் அது அவங்க உருவாக்குன கம்பெனியோட பங்கு. பங்கு விலை ஏறுனா சொத்து ஏறுது, இறங்குனா இறங்குது, அவங்க பாக்கெட்டுக்கு எதுவும் வந்தும் இருக்காது போயும் இருக்காது. அப்போ "போதும்னு நிறுத்து"ன்னு நாம சொல்றோமே, அதோட அர்த்தம் பங்க வித்துட்டுப் போன்னு அர்த்தம். பங்க வித்தா கம்பெனில முடிவெடுக்கிற ஓட்டு போச்சு, ஓட்டு போனா நாற்காலி போச்சு, முப்பது வருஷமா தான் சொன்னதுதான் நடக்கும்னு இருந்த இடத்துல இன்னொருத்தன் வந்து உக்காருவான். நாம பணத்தாசைன்னு நினைக்கிறதுல பாதிக்கு மேல இந்த நாற்காலி ஆசைதான்.

இத நான் புஸ்தகத்துல படிச்சுக் கத்துக்கல. எங்க கிளையன்ட் ஒருத்தர், ஸ்பின்னிங் மில் ஓனர், அப்போ அவருக்கு 74 வயசு. பசங்க ரெண்டு பேரும் நல்லா தலையெடுத்துட்டாங்க, மில்லையும் நடத்துறாங்க. பங்குகள அவங்களுக்கு மாத்தி, ஒரு பகுதிய டிரஸ்ட்டுக்கு விட்டு, பள்ளிக்கூடம் ஆரம்பிக்கலாம்னு அவரேதான் சொன்னார். எட்டு மாசம் உக்காந்து பத்திரம் தயார் பண்ணினோம். கையெழுத்து அன்னைக்கு பேனாவ கையில வாங்கி மூடியத் திறந்துட்டு அப்படியே உக்காந்திருந்தார். அப்புறம் என்னப் பாத்து, "ஏனுங் தம்பி, இதுல கையெழுத்து போட்டுட்டா நாளைக்குக் காலைல நான் எந்த கேட்டுல போய் நிக்கறது?"ன்னு கேட்டார். அந்த மனுஷன் 50 வருஷமா தினம் காலைல ஆறு மணி ஷிஃப்ட் மாறும்போது மில் கேட்டுல நிப்பார், உள்ள போய் பஞ்ச விரல்ல இழுத்துப் பாப்பார், நூல் நூக்கிற ரிங் ஃப்ரேம் சத்தத்த வச்சே எந்த மெஷின்ல என்ன கோளாறுன்னு சொல்லுவார். பணத்தப் பத்தி ஒரு வார்த்தை பேசல அன்னைக்கு. பேனாவ மூடி வச்சுட்டு, டீ வரச் சொல்லிட்டுப் போயிட்டார். அந்த ஃபைல் எங்க ஆபீஸ் அலமாரில ரொம்ப நாள் கிடந்துச்சு.

அன்னைல இருந்து ஒரு பெரிய பணக்காரரப் பத்தி என்ன படிச்சாலும் நான் தேடுறது ஒண்ணுதான், இந்த ஆளுக்கு காலைல போய் நிக்கிற கேட் எது?

இதுக்கு எனக்குத் தெரிஞ்சு, இப்போ சொல்லப் போற கதையவிட நல்ல உதாரணம் கிடையாது. ஏர்போர்ட்ல டியூட்டி ஃப்ரீ கடை பாத்திருப்பீங்க, டி.எஃப்.எஸ்.னு ஒரு கம்பெனி, 1960ல ஹாங்காங்ல ஆரம்பிச்சது. ஆரம்பிச்சவங்க ரெண்டு அமெரிக்கர்கள், சக் ஃபீனி, ராபர்ட் மில்லர். ரெண்டு பேருமே கார்னெல் யுனிவர்சிட்டில ஹோட்டல் மேனேஜ்மென்ட் படிச்சவங்க. வெளிநாட்டுத் துறைமுகத்துல வந்து நிக்கிற அமெரிக்க நேவி ஆளுங்களுக்கு வரி இல்லாத சரக்கு பாட்டில் வித்துத்தான் தொழிலுக்குள்ள வந்தாங்க. அப்புறம் ஹாங்காங், ஹவாய் ஏர்போர்ட் கடைகள எடுத்தாங்க. 1964ல ஜப்பான் அரசாங்கம் தன் மக்கள வெளிநாட்டு சுற்றுலா போக விட்டுச்சு, அவ்வளவுதான், கூட்டம் கூட்டமா வந்த ஜப்பான்காரங்க விஸ்கியும் காக்னாக்கும் சென்ட்டும் ஊர்ல இருக்கவங்களுக்குப் பரிசா அள்ளிட்டுப் போனாங்க, கடைல பணம் கொட்டிச்சு. இதுல ஃபீனிக்கு 38.75 சதவீதம், மில்லருக்கும் அதே 38.75 சதவீதம். ஒரே படிப்பு, ஒரே கம்பெனி, தசமப் புள்ளி வரைக்கும் ஒரே பங்கு. இதவிட சரிசமமா ரெண்டு பேர வச்சு ஒப்பிட முடியுமா சொல்லுங்க?

மில்லர் பணக்காரரா வாழ்ந்தார், நல்லாவே வாழ்ந்தார். மூணு பொண்ணுங்க, ஒருத்தர கட்டினது கிரேக்க ராஜ குடும்பத்து வாரிசு, இன்னொருத்தர கட்டினது ஃபர்ஸ்டன்பெர்க் பிரபு குடும்பத்துப் பையன், மூணாமவர கட்டினது கெட்டி எண்ணெய்க் குடும்பத்துப் பையன். அவருக்குப் பாய்மரக் கப்பல்னா உயிரு. 2003ல தன்னோட கப்பல்ல அட்லாண்டிக் கடல 6 நாள் 17 மணி நேரத்துல தாண்டி சாதனை பண்ணினார், அப்போ அவருக்கு 70 வயசு. இத நான் குறையா சொல்லல, உழைச்சு சம்பாதிச்ச காசுல தனக்குப் புடிச்சத முழு மனசோட செஞ்சிருக்கார்.

ஃபீனி வேற மாதிரி. 1931ல நியூஜெர்சில பொறந்தவர், நாடே வேலையில்லாம தவிச்ச காலம், அம்மா நர்ஸ். பத்து வயசுலயே வீடு வீடா கிறிஸ்துமஸ் கார்டு வித்திருக்கார், பனி கொட்டினா ஊர்க்காரங்க வாசல்ல அத அள்ளிப் போட்டு காசு வாங்கியிருக்கார். காலேஜ்ல படிக்கும்போது ராத்திரி ஹாஸ்டல் ஹாஸ்டலா போய் சாண்ட்விச் விப்பார். ஜெயிக்கணும்கிற வெறி அவருக்குக் கம்மின்னு யாரும் நினைச்சுடாதீங்க, ஹவாய் கடை ஏலத்துல எதிராளி வாயடைக்கிற மாதிரி தொகை கேட்டு எடுத்தவங்கள்ல அவரும் ஒருத்தர். ஆனா கைல பணம் நிறைஞ்சதும் பெரிய வீடு, பார்ட்டி, பணக்கார சகவாசம் எல்லாம் அவருக்கு ஒத்து வரல. 1982ல ஒரு அறக்கட்டளை ஆரம்பிச்சார். 1984ல, வயசு 53, மனைவி பிள்ளைங்களுக்கு ஒதுக்கினது போக, தன்னோட 38.75 சதவீதம் மொத்தத்தையும் அந்த அறக்கட்டளைக்கு எழுதி வச்சுட்டார். திரும்ப வாங்கவே முடியாத மாதிரி எழுதினார், பத்திரம் எழுதற வேலைல இருக்கவன்கிற முறைல சொல்றேன், அந்த ஒரு ஷரத்து எவ்வளவு பெரிய விஷயம்னு எனக்குத் தெரியும். எங்க கிட்ட வர்றவங்கள்ல பாதிப் பேர் "எப்ப வேணா மாத்திக்கிற மாதிரி எழுதுங்க"ன்னுதான் முதல் வார்த்தையே சொல்லுவாங்க.

இதுல பாருங்க, இது வெளிய யாருக்கும் தெரியாது. 1988ல ஃபோர்ப்ஸ் பத்திரிகை பணக்காரங்க பட்டியல்ல அவர சேர்த்து 130 கோடி டாலர் சொத்துன்னு போட்டுச்சு. அந்த நேரம் அவர் பேர்ல இருந்தது சில மில்லியன் டாலர்தான். மறுக்கவும் இல்ல, விளக்கவும் இல்ல, அப்படியே விட்டுட்டார். பணம் வாங்குன யுனிவர்சிட்டிகளுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் ஒரே கண்டிஷன், யார் குடுத்தாங்கன்னு வெளிய சொல்லக் கூடாது, சொன்னா பணம் நின்னுடும். 1997ல டி.எஃப்.எஸ். பங்க ஃப்ரெஞ்சு கம்பெனி எல்.வி.எம்.ஹெச்.க்கு விக்கிறதுல மில்லரோட தகராறு ஆகி, விஷயம் கோர்ட் வழியா வெளிய வந்துடும்னு தெரிஞ்சப்பதான் அவரே வாயத் திறந்தார். மில்லர் அப்போ தன்னோட பங்க விக்கல. ஃபீனிக்கு விக்கிறது கஷ்டமாவே இல்ல, அவரோட நாற்காலி அப்பவே வேற இடத்துக்கு மாறிடுச்சு.

இதே பட்டியல் விஷயத்துல இன்னொரு பக்கத்தையும் பாருங்க. 2013ல சவுதி இளவரசர் அல்வலீத் பின் தலாலுக்கு 2,000 கோடி டாலர் சொத்துன்னு ஃபோர்ப்ஸ் போட்டுச்சு. அவர் தரப்புல "இல்ல, 2,960 கோடி டாலர்"னு சொல்லி, லண்டன் கோர்ட்ல அவதூறு வழக்கே போட்டாங்க. ரெண்டு வருஷம் கழிச்சு சமாதானம் ஆச்சு. 2,000 கோடி டாலர்ல வாங்க முடியாத எத அந்த மீதி 960 கோடில வாங்கப் போறார்? எதுவும் கிடையாது. அந்த உயரத்துல பணம்கிறது மார்க் ஷீட். பக்கத்து பெஞ்சுக்காரன் எவ்வளவு எடுத்தான்கிறதுதான் கணக்கு. எங்க ஊர்லயும் பாத்திருக்கேன், கல்யாண மண்டபத்துல யார் கார் முன்னாடி நிக்குதுங்கிறதுல ஆரம்பிச்சு ரெண்டு குடும்பம் பத்து வருஷம் பேசாம இருந்த கதையெல்லாம் உண்டு.

"எவ்வளவு இருந்தா போதும்?"னு இவங்ககிட்டயே கேட்டா என்ன சொல்லுவாங்க? ஹார்வர்ட்ல மைக்கேல் நார்ட்டன்னு ஒரு பேராசிரியர் இதக் கேட்டிருக்கார். கோடீஸ்வரங்ககிட்ட, உங்க சந்தோஷத்துக்கு பத்துக்கு எவ்வளவு மார்க் போடுவீங்க, பத்துக்கு பத்து வரணும்னா இன்னும் எவ்வளவு பணம் வேணும்னு கேட்டா, குறைவா வச்சிருக்கவங்களும் சரி, அவங்களவிட பல மடங்கு வச்சிருக்கவங்களும் சரி, இப்ப இருக்கிறதப் போல ரெண்டு மூணு மடங்குன்னுதான் சொல்லியிருக்காங்க. அவரும் கூட இருந்தவங்களும் 2018ல வெளியிட்ட ஆராய்ச்சில இன்னொண்ணும் வந்துச்சு, சொந்தமா சம்பாதிச்சவங்க, பரம்பரைச் சொத்து வந்தவங்களவிட கொஞ்சம் சந்தோஷமா இருக்காங்களாம். எனக்கு இதுல ஆச்சரியமே இல்ல. தாத்தா சொத்துல வாழ்ற பசங்க சில பேரு எங்க ஆபீஸ் சோபால உக்காந்திருக்கும்போது அவங்க முகத்துல ஒரு வெறுமை தெரியும், அவங்களுக்குன்னு எந்த கேட்டும் இல்ல.

போதும்கிற நம்பர எழுதியே வச்ச ஒருத்தர் இருந்தார், ஆண்ட்ரூ கார்னகி. ஸ்காட்லாந்துல கைத்தறி நெசவாளி மகன். பவர்லூம் வந்து அப்பா தொழில் படுத்துடுச்சு, 1848ல குடும்பத்தோட அமெரிக்கா போனாங்க, பையன் பஞ்சு மில்லுல நூல் சுத்துற பாபின் மாத்துற வேலைக்குப் போனான், வாரம் 1 டாலர் 20 சென்ட் கூலி. 33 வயசுல, 1868 டிசம்பர்ல, நியூயார்க்ல ஒரு ஹோட்டல் ரூம்ல உக்காந்து தனக்குத்தானே ஒரு குறிப்பு எழுதினார்: வருஷம் 50,000 டாலர் வருமானம் போதும், அதுக்கு மேல சம்பாதிக்க முயற்சி பண்ணக் கூடாது, ரெண்டு வருஷத்துல தொழில விட்டுட்டு ஆக்ஸ்ஃபோர்டு போய்ப் படிக்கணும், பணத்தக் கும்பிடறது ரொம்ப மட்டமான விக்கிரக வழிபாடுன்னு. இத மனசார எழுதினார்னுதான் நான் நம்புறேன். ஆனா நிறுத்தினது 1901ல, 33 வருஷம் கழிச்சு, ஸ்டீல் கம்பெனிய பேங்கர் ஜே.பி.மோர்கன்கிட்ட 48 கோடி டாலருக்கு வித்தப்பதான். நடுவுல 1892ல ஹோம்ஸ்டெட் ஆலைல சம்பளக் குறைப்ப எதிர்த்து நின்ன தொழிலாளிங்க மேல தனியார் காவல் படை ஏவி விடப்பட்டுச்சு, ரெண்டு பக்கமும் உயிர் போச்சு. அப்போ அவர் ஸ்காட்லாந்துல இருந்தார், ஆனா யூனியன ஒழிச்சுக் கட்டறதுக்கு அவரோட சம்மதம் இருந்துச்சு.

அப்புறம் குடுத்தார், அள்ளி அள்ளிக் குடுத்தார், 1919ல சாகறதுக்குள்ள சுமார் 35 கோடி டாலர், 2,500க்கும் மேல நூலகம். ஏன் நூலகம்? சின்னப் பையனா வேலைக்குப் போன காலத்துல, கர்னல் ஆண்டர்சன்னு ஒருத்தர் சனிக்கிழமை தோறும் வேலைக்குப் போற பசங்களுக்காக தன் வீட்டுப் புஸ்தகங்களத் திறந்து விடுவாராம், அந்தக் கதவுதான் கார்னகி மனசுல கடைசி வரைக்கும் நின்னுச்சு. குடுத்தது எல்லாம் சரி, ஆனா 12 மணி நேரம் உலை முன்னாடி நின்னுட்டு வர்றவன் அந்த நூலகத்துக்கு எப்போ போவான்னு அன்னைக்கே கேட்டாங்க. அந்தக் கேள்வி நியாயமான கேள்வி. தர்மம் பண்றவரும் கூலியக் குறைச்சவரும் ஒரே ஆளுதான், ஒண்ண வச்சு இன்னொண்ண அழிக்க முடியாது.

இந்த சின்ன வயசு விஷயம் நிறைய பேர்கிட்ட இருக்கு. ஜெஃப் பெசோஸ் அஞ்சு வயசுல டிவில நிலாவுல மனுஷன் இறங்கறதப் பாத்தவர், ஸ்கூல் முடிக்கும்போது பேசின பேச்சுலயே மனுஷங்க விண்வெளில போய்க் குடியேறணும்னு பேசினவர். 2000ல, அமேசான் லாபத்தக் கண்ணுலயே பாக்காத காலத்துலயே, ராக்கெட் கம்பெனி ஆரம்பிச்சுட்டார். ஈலான் மஸ்க் 2002ல ஸ்பேஸ்எக்ஸ் ஆரம்பிச்சதும் செவ்வாய் கிரகத்துக்கு ஆள் அனுப்பணும்னுதான். இவங்களுக்கு பணம்கிறது ராக்கெட்டுக்கு ஊத்துற எரிபொருள் மாதிரி, அதனால "போதும்"கிற வார்த்தையே அங்க செல்லாது, செவ்வாய்க்கு எவ்வளவு ஊத்தினாலும் பத்தாது. இதுல நல்லதும் இருக்கு, பயமும் இருக்கு. மனுஷகுலம் எங்க போகணும்னு நாலு பேர் மட்டும் முடிவு பண்றது எனக்கு சரியாப் படல.

சாவ ஜெயிக்கணும்னு ஒரு கூட்டம் இருக்கு. பிரையன் ஜான்சன்னு ஒருத்தர் தன் பேமென்ட் கம்பெனிய 2013ல 80 கோடி டாலருக்கு வித்துட்டு, இப்போ வயசாகாம இருக்கறதையே முழு நேர வேலையா பண்றார். அதே 2013லதான் கூகிளும் முதுமைய ஆராய்ச்சி பண்ண கேலிகோன்னு தனிக் கம்பெனி போட்டுச்சு. எல்லாத்தையும் கட்டுப்படுத்திப் பழகினவனுக்கு கட்டுப்படாத ஒரே விஷயம் அதுதானே.

நம்ம நாட்டுல இருக்க பெரும்பாலான பணக்காரங்களுக்கு ஓடுறதுக்குக் காரணம் குடும்பம்தான். என் பேரன் பேரு நிக்கணும், குடும்பம் ஒத்துமையா இருக்கணும். ஆனா அதுக்கான பேப்பர் வேலைய மட்டும் தள்ளிப் போட்டுக்கிட்டே இருப்பாங்க. திருபாய் அம்பானி 2002ல உயில் எழுதாமலே போயிட்டார், மூணு வருஷம் பசங்களுக்குள்ள சண்டை, 2005ல அம்மா கோகிலாபென் நடுவுல நின்னு பிரிச்சு விட்டாங்க. அவ்வளவு பெரிய கணக்குப் போட்ட மனுஷன் இந்த ஒரு கணக்க ஏன் போடலன்னா, உயில் எழுதறதுன்னா தான் இல்லாத ஒரு நாளக் கண்ணால பாக்கணும். எங்க ஆபீஸ்ல "அடுத்த மாசம் பாத்துக்கலாம்"னு போனவங்கள்ல சில பேருக்கு அந்த அடுத்த மாசம் வரவே இல்ல.

அசிம் பிரேம்ஜி இந்த விஷயத்துல ரொம்பத் தெளிவு. 21 வயசுல அப்பா இறந்து, அமெரிக்கால படிப்ப பாதில விட்டுட்டு வந்து சமையல் எண்ணெய் கம்பெனிய எடுத்து விப்ரோவா வளத்தவர். 2019 வரைக்கும் அவர் தன் அறக்கட்டளைக்குத் திருப்பி விட்டது மொத்தம் 1.45 லட்சம் கோடி ரூபாய் மதிப்பு, கவர்மெண்ட் ஸ்கூல் படிப்பு மேம்படணும்னு. பையனுக்கு சேர்மன் நாற்காலி கிடைச்சுது, ஆனா சொத்துல பெரும்பகுதி அறக்கட்டளைக்குப் போயிடுச்சு.

இதையெல்லாம் ரொம்ப முன்னாடியே பண்ணின ஒருத்தர் நம்ம காரைக்குடிப் பக்கம் கோட்டையூர்ல பொறந்த அழகப்பச் செட்டியார். பாரிஸ்டர் படிப்பு, விமானம் ஓட்ட லைசென்ஸ், துணி மில், சொந்தமா விமானக் கம்பெனி, அந்தக் காலத்துல ஒருத்தர் எவ்வளவு உயரம் போக முடியுமோ அவ்வளவு போனவர். 1947ல காரைக்குடில காலேஜ் ஆரம்பிச்சார். அடுத்த வருஷமே, இன்னைக்கு நாம சிக்ரின்னு கூப்பிடுற மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்துக்காக 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் குடுத்தார், நேரு வந்து அடிக்கல் நாட்டினார். அன்னைக்கு அவருக்கு 39 வயசு. 1957ல, 48 முடியறதுக்குள்ள, போயிட்டார். வயசான காலத்துல குடுக்கலாம்னு இருந்திருந்தா காரைக்குடிக்கு எதுவும் கிடைச்சிருக்காது. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் சாயங்காலம் காலேஜ் விட்டு சைக்கிள்லயும் பஸ்லயும் வர்ற பொண்ணுங்களப் பாத்தா எனக்கு மனசு நெறஞ்சு போகும்.

ஆக, கடைசி லட்சியம் என்னன்னு கேட்டா, எல்லாருக்கும் ஒரே பதில் கிடையாது, ராக்கெட், ராஜ சம்பந்தம், நூலகம், சாகாம இருக்கறதுன்னு ஆளுக்கு ஒண்ணு. ஆனா நான் பாத்த வரைக்கும், நிறுத்த முடிஞ்சவங்க எல்லாரும் பழைய கேட்ட விடறதுக்கு முன்னாடியே வேற ஒரு கேட்டக் கண்டுபுடிச்சவங்க. ஃபீனி தியாகி மாதிரி வீட்ல உக்காந்துக்கல. கடைக்கு எவ்வளவு ஓடினாரோ அதே ஓட்டம் குடுக்கறதுக்கும் ஓடினார். அயர்லாந்துல யுனிவர்சிட்டி, வியட்நாம்ல ஆஸ்பத்திரி, ஆஸ்திரேலியால ஆராய்ச்சிக் கூடம்னு, கட்டிடம் எழும்புறத நேர்ல போய்ப் பாக்கறதுல அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம். அதுவும் 75 வயசு வரைக்கும் எகானமி கிளாஸ்ல, கைல பிளாஸ்டிக் பை, மணிக்கட்டுல சாதா கேசியோ வாட்ச். ஒரே நேரத்துல ரெண்டு ஜோடி ஷூ போட முடியாதுன்னு சொல்லுவார். உயிரோட இருக்கும்போதே மொத்தத்தையும் குடுத்து முடிச்சு அறக்கட்டளையையே மூடணும்னு நாள் குறிச்சு வேலை பாத்தார், பில் கேட்ஸும் வாரன் பஃபெட்டும் தங்களுக்கு இவர்தான் வழிகாட்டின்னு சொன்னாங்க.

எங்க மில்காரருக்கு நான் ஃபீனி கதைய ஒரு தடவை சொன்னேன். முழுசாக் கேட்டுட்டு, "அவரு கேட்ட மாத்திக்கிட்டாருங் தம்பி, எனக்கு பஞ்சு மட்டுந்தான் தெரியும்"னார். அப்புறம் ஒன்றரை வருஷம் கழிச்சு டிரஸ்ட் பத்திரத்துல மட்டும் கையெழுத்து போட்டார், மில் பங்க கடைசி வரைக்கும் மாத்தவே இல்ல.

ஃபீனி 2020 செப்டம்பர் 14ம் தேதி, சான் ஃபிரான்சிஸ்கோல வாடகை அபார்ட்மென்ட்ல, 89 வயசுல, பக்கத்துல மனைவி உக்காந்திருக்க, அறக்கட்டளைய மூடற பேப்பர்ல கையெழுத்து போட்டார். குடுத்த கணக்கு 800 கோடி டாலர். தனக்கும் மனைவிக்கும் வச்சுக்கிட்டது சுமார் 20 லட்சம் டாலர். அதுக்கப்புறமும் மூணு வருஷம் அந்த வாடகை வீட்லதான் இருந்தார்.